பீப்பாய்க்காரர் தெருவின் நிலவறை

காட்டு முகாம், லெ ஹாவ்ர்
1947 நவம்பர் 14

தம்பி ஆர்மானுக்கு,

உன் விலாசம் எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யார் காட்டிக்கொடுத்தார்கள் என்று நீ மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம். கப்பல் சமையல்காரர் வாஸ் போன வாரம் கரைக்கு வந்திருந்தார். "ஒங்க தம்பிய காசாபிளாங்கா துறைமுகத்துல பாத்தேன். கிரேனுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு இருந்தான். ஆளு நல்லாத்தான் இருக்கான், சிரிக்கத்தான் மாட்டேங்கிறான்" என்றார். நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருஷமும் ஒரு சமையல்காரரும் தேவைப்பட்டிருக்கிறது.

நானும் என் பெண் லிலியானும் காட்டு முகாமில் இருக்கிறோம். அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன பலகைக் கொட்டகைகள். அவர்கள் தங்கள் முகாம்களுக்கெல்லாம் சிகரெட் பெயர்களை வைத்திருந்தார்கள். இப்போது நாங்கள் அதில் புகைந்துகொண்டிருக்கிறோம். பலகை இடுக்கில் செய்தித்தாளைத் திணித்தால் மறுநாள் அதுவே ஊறி விழுகிறது. மேட்டு ஊரில் ஒரு சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. லிலியானுக்கு ஏழு வயது ஆகிவிட்டது. உன்னை அவளுக்கு நினைவில்லை. போன குளிர்காலத்திலிருந்து இருமுகிறாள். "காய்ஞ்ச செவரு இருக்கிற வீட்டுக்குப் போங்க" என்கிறார் டாக்டர், ஏதோ நான்தான் ஈரச் சுவரை விரும்பித் தேர்ந்தெடுத்ததுபோல.

விஷயத்துக்கு வருகிறேன். ஊரைப் புதிதாகக் கட்டுகிறார்கள். பழைய மனை யாருக்கும் திரும்பக் கிடைக்காது. தெருக்களையே அழித்து நேர்கோடாகப் போடுகிறார்கள். மனையை விட்டுக்கொடுத்தவர்களுக்கு அதற்கு ஈடாகப் புதுக் கட்டடத்தில் ஒரு குடியிருப்பு. பீப்பாய்க்காரர் தெருவில் இருந்த நம் வீடு அம்மாவுக்குப் பிறகு நம் இருவருக்கும். ஆனால் அம்மா இறந்ததாகவே இன்னும் பதிவாகவில்லை. உடல் கிடைக்கவில்லையே. பிள்ளைகள் இருவரும் கையெழுத்துப் போட்டால் நீதிமன்றம் பதிவு செய்யுமாம்.

இத்துடன் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். ஒன்று மனைக்கு. மற்றது, அம்மா 1944 செப்டம்பர் 5 அன்று குண்டுவீச்சில் இறந்தார் என்பதற்கு. இரண்டிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பு. என்னோடு பேச வேண்டாம். கையெழுத்து மட்டும் போதும்.

ஒடில்


காசாபிளாங்கா
1947 டிசம்பர் 9

ஒடில்,

கையெழுத்துப் போட மாட்டேன்.

செப்டம்பர் 5 அன்று அம்மா இறக்கவில்லை. இது உனக்கும் தெரியும். எட்டாம் தேதி காலையில் நம் வீட்டு இடிபாட்டுக்கு அடியிலிருந்து அவள் தட்டுவதைக் கேட்டேன். இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி மூன்று. அது சரிந்து விழுகிற கல்லின் சத்தம் இல்லை. கல்லுக்கு எண்ணத் தெரியாது.

நான் கத்தினேன். துபோக்கும் அவருடைய மீட்பு ஆட்களும் வந்தார்கள். துபோக் குப்புறப் படுத்துக் காது வைத்தார். ஒன்றும் இல்லை என்றார். நீ காது வைத்தாய். நீயும் ஒன்றும் இல்லை என்றாய். அப்புறம் அவர் உன்னிடம்தான் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை. நீ என்ன சொன்னாய் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அவர்கள் போன பிறகும் நான் தோண்டினேன். நகம் பிய்ந்தது. எனக்குப் பின்னால் நீ நின்றுகொண்டு, "எந்திரிடா, அம்மா போய்ச் சேந்துட்டாங்க, எந்திரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய்.

இப்போது உனக்கு வீடு வேண்டும். அதற்கு அம்மா உனக்கு வசதியான தேதியில் செத்திருக்க வேண்டும். அந்தத் தேதியில் என் கையெழுத்து விழாது.

குழந்தைக்கு உடம்பு சரியில்லாததற்கு வருத்தப்படுகிறேன். அதை இதோடு சேர்க்காதே.

ஆர்மான்


காட்டு முகாம்
1948 பிப்ரவரி 2

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். விறகு ஈரம், அடுப்பே எரியவில்லை. அதனால் பத்திரமாக இருக்கிறது.

உன் பக்கத்தை எழுதிவிட்டாய். என் பக்கத்தையும் படி.

நீ அப்போது ஜெர்மனிக்கு வேலைக்குப் பிடித்துப் போவார்களே என்று மேட்டு ஊர்ச் செங்கல் சூளையில் ஒளிந்திருந்தாய். அம்மாவோடு தினம் மல்லுக்கட்டியது நான்தான். ஆங்கிலேயர்கள் ஊரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள், உள்ளே ஜெர்மன்காரன் அசைய மாட்டேன் என்கிறான், மேட்டுக்கு வந்துவிடு என்று கெஞ்சினேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "இங்கிலீஷ்காரன் நம்ம தலையிலயா குண்டு போடுவான்? நம்மள விடுவிக்க வர்றவன்டி அவன். நீ கொழந்தையத் தூக்கிட்டுப் போ. நான் வீட்டப் பாத்துக்கிறேன்." போகும்போது சிரித்தாள். "அவங்க வர்ற அன்னைக்கு வீதியில நிக்க யாராவது வேணாமா?" என்றாள்.

ஐந்தாம் தேதி சாயங்காலம் மேட்டு மதில் ஓரம் நின்று பார்த்தேன். வெயில் இன்னும் இருந்தது. விமானங்கள் அலை அலையாக வந்தன. முதலில் எந்தக் கோபுரம் விழுந்தது என்று பார்க்க முயன்றேன். அப்புறம் பார்ப்பதற்குக் கோபுரமே இல்லை. லிலியான் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஆச்சி எங்க?" என்று கேட்டாள். கீழே கையைக் காட்டினேன். புகைதான் இருந்தது.

எட்டாம் தேதி வரைக்கும் நீ தூங்கவில்லை, சாப்பிடவில்லை. அதற்கு முந்தின நாள் தபால் நிலையம் இருந்த இடத்தில் அப்பா குரல் கேட்கிறது என்றாய். அப்பா செத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. இதை நீ உன் கடிதத்தில் எழுதவில்லை. நான் காது வைத்தேன், ஆர்மான். மண் சூடாக இருந்தது. கன்னம் வெந்தது. எடுக்காமல் வைத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை.

அப்போதுதான் திபோ பேக்கரியிலிருந்து ஆள் ஓடி வந்தான். நிலவறையில் மனுஷக் குரல், கைக்குழந்தை அழுகிறது என்றான். துபோக்கிடம் இருந்தது ஆறு ஆட்கள், ஒரு ஜாக்கி, நாலு கடப்பாரை. அவர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. இங்க இருக்கவா, அங்க போகவா?" என்றார். "போங்க" என்றேன். திபோ வீட்டிலிருந்து நாலு பேர் உயிரோடு வந்தார்கள். மருமகள் பொலெத், அவள் கைக்குழந்தை, இரண்டு கிழவர்கள். துபோக்கின் ஆட்கள் நம் தெருவுக்குத் திரும்புவதற்குள் மறுபடி விமானம் வந்தது, மிச்சச் சுவரும் சரிந்தது.

அன்று நீ என் காலடியில் துப்பிவிட்டுப் போனாய். அதையும் எழுதியிருக்கலாம்.

லிலியானுக்கு இந்த வாரம் முழுக்கக் காய்ச்சல். இடிபாடுகளை இயந்திரத்தில் கொட்டி அரைத்துப் புதுக் கட்டடத்துக்குக் கான்கிரீட் கலக்கிறார்கள். காற்று திரும்பினால் அந்தத் தூள் முகாம் வரைக்கும் வருகிறது. கையெழுத்துப் போடு.

உன் அக்கா


காசாபிளாங்கா
1948 ஏப்ரல் 18

ஒடில்,

வாஸ் கையில் ஒரு கூடை ஆரஞ்சு கொடுத்தனுப்புகிறேன். லிலியானுக்கு.

கடிதத்தின் கடைசிப் பத்தியை வேண்டுமென்று எழுதினாயா, தெரியாமல் எழுதினாயா? அரைத்துக் கான்கிரீட் கலக்கிறார்களா? நம் வீட்டுக் கல்லையும் அரைப்பார்களா? அதற்குக் கீழே இருப்பவளையும் சேர்த்து அரைப்பார்களா? அதில் சுவர் எழுப்பி, அதற்குள் நீ படுக்கை போட்டுத் தூங்குவாயா?

அப்பா குரல் கேட்டது உண்மைதான். அது என் தலைக்குள் கேட்டது, அப்போதே எனக்குத் தெரியும். அம்மா தட்டியது வெளியே கேட்டது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நான் பைத்தியம் இல்லை.

முடியாது.

ஆர்மான்


காட்டு முகாம்
1948 நவம்பர் 27

ஆர்மான்,

இனி ஆரஞ்சு அனுப்பாதே. சாப்பிட ஆள் இல்லை.

லிலியானைப் போன செவ்வாய்க்கிழமை சானடோரியத்துக்குக் கொண்டுபோனார்கள். ரயிலில் ஒரு நாள் பயணம், மலைப்பக்கம். இடது நுரையீரலில் காசநோய். எத்தனை மாதம் என்று கேட்டேன். "மாசக் கணக்கு இல்லம்மா இது" என்றாள் அழைத்துப்போக வந்தவள். நானும் கூட வருகிறேன் என்றேன். தாய்மார்கள் வந்தால் குழந்தைகள் அங்கே ஒன்றமாட்டார்களாம். என் கண்ணெதிரே அவளுடைய தலைமுடியைக் கத்தரித்தார்கள். அவள் அழவில்லை. "வீட்டுக்கு எப்ப வருவேன்?" என்று மட்டும் கேட்டாள். எந்த வீட்டுக்கு என்று எனக்கு வாய்வரை வந்தது.

இங்கே ஒரு பெண் வந்து முகாம்காரர்களைப் பற்றி விசாரித்துப் போனாள். "ஒங்களுக்கு மனை இருக்கே, பேர் குடுத்திருந்தா இந்நேரம் வரிசையில முன்னாடி இருந்திருப்பீங்களே?" என்றாள். என் தம்பிக்கு ஒரு தேதியில் உடன்பாடு இல்லை என்று சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

இறந்தவளை நீ காவல் காத்துக்கொண்டிரு. நன்றாகக் காத்துக்கொள். உயிரோடு இருக்கிறவளுக்கு என்ன ஆகிறது என்று நான் இனி உனக்கு எழுதமாட்டேன்.

ஒடில்


காசாபிளாங்கா
1948 டிசம்பர் 20

அக்கா,

இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மனைத் தாள் அப்படியே இருக்கிறது. மற்றதில் தேதியை அடித்துவிட்டு "1944 செப்டம்பர்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். ஏற்றுக்கொண்டால் சரி. இல்லையென்றால் அவர்களிடம் சண்டை போடு. உனக்கு அது வரும்.

உன் கடிதத்தைக் கிரேன் மேலே உட்கார்ந்து படித்தேன். கீழே மேஸ்திரி கத்திக்கொண்டே இருந்தார், எனக்குக் காது கேட்கவில்லை. லிலியானின் தலைமுடி என்ன நிறம் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. பழுப்பா? எழுதமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாய். இதை மட்டும் எழுது.

ஒரே ஒரு நிபந்தனை. நிபந்தனை வைக்க எனக்கு என்ன யோக்யதை என்று கேட்பாய். இருந்தாலும் கேட்கிறேன். நம் தெருவில் தோண்ட வரும்போது நீ அங்கே நிற்க வேண்டும். முதல் மண்வெட்டியிலிருந்து கடைசி வரைக்கும். வேறு யாரையும் நிற்கவைக்காதே. என்ன கிடைத்தாலும், கிடைக்காவிட்டாலும், கண்ணால் பார்த்ததை எழுது. நான் இங்கே இருந்துகொண்டு அங்கே நிற்க முடியாது. நீதான் நிற்கவேண்டும்.

தம்பி


காட்டு முகாம்
1949 ஜூன் 23

ஆர்மான்,

நிற்கச் சொன்னாய். நின்றேன்.

திங்கட்கிழமை இயந்திரம் நம் தெருவுக்கு வந்தது. தெரு என்று நான்தான் சொல்கிறேன். அவர்களுக்கு அது வரைபடத்தில் ஒரு கட்டம். மேஸ்திரி மேற்குக் கடற்கரைப் பிரெத்தோன்காரர், லெ கோஃப் என்று பெயர். பழைய ஊரைப் பார்த்ததே இல்லை. விஷயத்தைச் சொன்னேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கைமண்வெட்டியோடு நாலு பேரை இறக்கினார். "எங்க ஊர்லயும் இதே கததான்மா. எங்க வீட்டையும் இதே இங்கிலீஷ்காரங்கதான் குண்டு போட்டு இடிச்சாங்க. எடத்த மட்டும் காட்டுங்க, பதமாத் தோண்டுறோம்" என்றார். இடத்தைக் காட்ட எனக்குத் தெரியவில்லை. சாக்கடை மூடி ஒன்று இருந்தது, அதை வைத்து அளந்தோம்.

நேற்று மத்தியானம் நிலவறை வளைவு தென்பட்டது. பாதி நொறுங்கியிருந்தது, பாதி அப்படியே இருந்தது. லெ கோஃப் முதலில் இறங்கினார். மேலே வந்து தொப்பியைக் கழற்றினார்.

"நீங்க எறங்க வேணாம்மா," என்றார். "அப்பவே போயிட்டாங்க, ஒரு நொடியில முடிஞ்சிருக்குன்னு ஒங்க தம்பிக்கு எழுதிருங்க. யார் கேட்டாலும் நானும் அதையே சொல்றேன். இதுல யாருக்கு என்ன நட்டம்?"

"அப்படி நடக்கலையா?" என்று கேட்டேன்.

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். நான் இறங்கினேன்.

அம்மா இடியாத மூலையில் இருந்தாள். மெத்தை விரித்து, இரண்டு கோட்டுகளையும் மேலே போர்த்தியிருந்தாள். பழுப்புக் கோட்டு, பித்தான் மாற்றித் தைத்தது. சந்தேகமே இல்லை, அவள்தான். அலமாரியில் மெழுகுவர்த்திகள் அடிவரைக்கும் எரிந்து மெழுகு வழிந்து உறைந்திருந்தது. ஆப்பிள் மது பாட்டில்கள் எல்லாம் காலி. காலியானவற்றைச் சுவரோரம் வரிசையாக வைத்திருந்தாள், நாம் பால் புட்டியை இடம் மாற்றி வைத்தால் திட்டுவாளே, அதேபோல.

மடியில் ஒரு துணி. அவள் ஆங்கிலேயக் கொடி தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஆர்மான். சிவப்புக்குத் தன் பாவாடை, வெள்ளைக்குத் தலையணை உறை, நீலத்துக்கு உன் வேலைச் சட்டை. அவர்கள் வரும் அன்று வீதியில் நிற்பதற்கு. ஊசி அதிலேயே குத்தியிருந்தது. முதலில் தையல் நேராக இருக்கிறது. கடைசியில் கோணல்மாணலாகப் போகிறது. இருட்டில் தைத்தது.

கைப்பக்கம் அடுப்புக் கம்பி கிடந்தது. தண்ணீர்க் குழாயில் ஒரே இடத்தில் சாயம் உதிர்ந்து இரும்பு குழிந்திருந்தது. குழிமேல் குழி. லெ கோஃப் அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நீ கேட்டது சரி. அவள் தட்டினாள்.

நான் காது வைத்த நேரத்தில் அவள் அசந்து தூங்கியிருக்கலாம். கை வலித்து நிறுத்தியிருக்கலாம். மேலே நம் காலடிச் சத்தம் கேட்டு, வந்துவிட்டார்கள் என்று கம்பியைக் கீழே வைத்திருக்கலாம்.

லெ கோஃப் சொன்ன பொய்யை எழுதலாம் என்று பேனாவை எடுத்தது உண்மை. ஆனால் ஊரில் மிச்சம் இருக்கிறவர்கள் எல்லாம் உன்னைப் பைத்தியம் என்றார்கள், நானும் சேர்ந்து சொன்னேன். அந்தப் பொய் உன்னைக் காப்பாற்றாது. என்னைத்தான் காப்பாற்றும். அதனால் எழுதவில்லை.

அவர்களைப் போகச் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை. ஒரு வார்த்தைதான் சொன்னேன். அங்கே நாலு பேர் பிழைத்தார்கள், இங்கே இது நடந்தது.

நீதிமன்ற குமாஸ்தா இன்று காலை மறுபடி கூப்பிட்டு, "இப்பவாவது சரியான தேதி போடலாமா?" என்றார். என் தம்பி எழுதியபடியே இருக்கட்டும் என்றேன். அடக்கம் செய்யாமல் வைத்திருக்கிறோம். வருவாயானால் சொல்.

லிலியானின் தலைமுடி பழுப்பு இல்லை. அம்மாவுடையதுபோலச் செம்பட்டை.

அக்கா


காசாபிளாங்கா
1949 ஆகஸ்ட் 30

அக்கா,

இடுகாட்டிலிருந்து ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன். பொலெத் திபோ மேலே உள்ள கோபம் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை.

வந்த அன்று துறைமுகத்திலிருந்து உன் முகாமுக்கு நேராக வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டே நம் தெருவுக்குப் போய்விடலாம் என்று திமிரோடு நடந்தேன். தொலைந்துபோனேன். பிறந்த ஊரில் வழி தெரியாமல் ஒரு கொத்தனாரை நிறுத்திக் கேட்டேன். "பீப்பாய்க்காரர் தெருவா? அப்படி ஒண்ணு இங்க இல்லியேப்பா. நீ வேற ஊருக்கு எறங்கியிருக்கப் போற" என்றான். சுற்றிலும் தூண்கள், எல்லாம் ஒரே உயரம், ஒரே இடைவெளி. ஒரு சுவரின் கிட்டே போய்ப் பார்த்தேன். கான்கிரீட்டுக்குள் இளஞ்சிவப்பாகப் பொடி மின்னுகிறது. பழைய செங்கல். கையை வைத்தேன். கோபத்தை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்திருந்தேன், அது வரவில்லை. வெயிலில் சுவர் சூடாக இருந்தது. அவ்வளவுதான்.

அடக்கத்தின்போது குழிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். அப்போது பொலெத் தன் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். "மன்னிச்சிருங்கண்ணே," என்றாள், "ஒங்க அம்மா வர வேண்டிய எடத்துல நாங்க வந்துட்டோம்." அந்தப் பையனை வெறுக்க முடிகிறதா என்று பார்த்தேன். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. குழி மண்ணை அள்ளிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். பொலெத் அவன் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள். அவன், "கொஞ்சந்தாம்மா எடுத்தேன்" என்றான். எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் அது எதில் போய் முடியும் என்று பயம் வந்துவிட்டது. நடந்தேன். கப்பலில் ஏறிய பிறகுதான் நின்றேன்.

அவளைப் பார்த்தால் சொல். மன்னிக்க ஒன்றும் இல்லை. அம்மா இருந்திருந்தால் அந்தப் பையனைத் தலைகீழாகத் தூக்கி மண்ணை உதறியிருப்பாள், அப்புறம் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்திருப்பாள்.

நான் கேட்டது நிஜம் என்று ஆகிவிட்டது. இத்தனை வருஷமும் அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். நான் பைத்தியமாகவே இருந்திருக்கக் கூடாதா, அவள் அந்தச் சாயங்காலமே போயிருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

உன் இடத்தில் நான் இருந்திருந்தால் துபோக்கை நகர விட்டிருக்க மாட்டேன். அப்படியென்றால் மண்ணைத் திருட அந்தப் பையன் வந்திருக்க மாட்டான். இதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

நான் முதலிலேயே கையெழுத்துப் போட்டிருந்தால் லிலியான் அந்த மலைக்குப் போயிருக்க மாட்டாள். நீ அதை நேரில் என்னிடம் சொல்லிவிடுவாய் என்று மூன்று நாளும் காத்திருந்தேன். நீ சூப்பில் உப்புப் போதுமா என்றுதான் கேட்டாய்.

தம்பி


லெ ஹாவ்ர், நகரமன்றச் சதுக்கம், நாலாம் மாடி
1951 மார்ச் 11

ஆர்மான்,

விலாசத்தைப் பார்த்தாயா? வீடு கிடைத்துவிட்டது. நம் பழைய தெருவிலிருந்து கூப்பிடு தூரம். குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வருகிறது. முதல் வாரம் சும்மாவே திறந்து கையை நீட்டிக்கொண்டிருந்தேன். தரை வரைக்கும் சன்னல். சுவர் காய்ந்திருக்கிறது, தட்டிப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன். மேட்டு ஊர்க்காரர்கள் இந்தக் கட்டடங்களைச் சிறைச்சாலை என்கிறார்கள். என்னோடு முகாமில் இருந்தவள் ஒருத்தி கீழ்மாடிக்கு வந்திருக்கிறாள், "செறைச்சாலையில குளிக்கிற தொட்டி வெப்பானாக்கும்? வயித்தெரிச்சல்" என்கிறாள். எனக்கு இந்த ஊரைப் பிடித்திருக்கிறதா என்று தெரியவில்லை. தெருமுனையில் திரும்பும்போது கால் இன்னும் பழைய பக்கமே போகிறது, அங்கே சுவர் நிற்கிறது.

லிலியான் பிப்ரவரியில் வந்தாள். ரயிலடியில் எனக்கு அவளை அடையாளம் தெரிந்தது. அவளுக்கு என்னைத் தெரிந்ததா என்று தெரியாது. கையை நீட்டி, "வணக்கம், மதாம்" என்றாள். அங்கே அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். பிறகு அவளே உணர்ந்து முகம் சிவந்துவிட்டாள். ஒரு நுரையீரலோடு வாழப் பழகிவிட்டாள் என்கிறார் டாக்டர். மாடிப்படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, களைப்பை மறைக்கச் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல நடிக்கிறாள். நானும் பார்க்காததுபோல நடிக்கிறேன். தூக்கத்தில் அங்கே இருந்த ஒரு நர்ஸின் பெயரைச் சொல்கிறாள். என்னை இன்னும் அதிகம் கூப்பிடுவதில்லை.

சூப்பு விஷயம் எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுத எனக்கு ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. உன்னிடம் அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். நன்றாகக் குத்துகிற மாதிரி வார்த்தை எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். நீ உள்ளே வந்து, பலகை இடுக்கில் திணித்திருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்தாய். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றாய், துடைத்து முடிக்கவே இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் உப்பைப் பற்றிக் கேட்டேன்.

நேற்று சாப்பிடும்போது லிலியான் உன்னைப் பற்றிக் கேட்டாள்.

"மாமா எப்படிப்பட்டவர்?"

"பிடிவாதக்காரன்" என்றேன்.

"நல்ல பிடிவாதமா, கெட்ட பிடிவாதமா?"

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே யோசித்தேன். "ரெண்டும் ஒரே ஆளுக்கு இருக்கும்டி" என்றேன். "எனக்கும் இருக்கு."

அவள் தட்டை வழித்து முடித்தாள். அப்புறம், "அவர் வந்தா எங்க படுப்பார்?" என்றாள். சமையலறையை அடுத்த சின்ன அறையைக் காட்டினேன். கட்டில் இல்லை, ஒரு மெத்தைதான். சானடோரியத்தில் இரவு பகல் சன்னலைத் திறந்துதான் வைத்திருப்பார்களாம். இவளுக்கு அது பழகிவிட்டது. அந்த அறைக்குள் போய் உனக்கும் சன்னலை விரியத் திறந்து வைத்துவிட்டு வந்தாள். மூடப் போனால் விடமாட்டேன் என்கிறாள். "மாமாவுக்குக் காத்து வேணும், அம்மா" என்றாள். அந்த "அம்மா"வுக்காக நானும் விட்டுவிட்டேன்.

மார்ச் மாதக் கடல்காற்று வீடு முழுக்க அடிக்கிறது, எனக்குப் பல் கிட்டிக்கொள்கிறது. சீக்கிரம் வந்து நீயே மூடு.

அக்கா